பேரருவிப் பாறையில் ஒரு ஜோடிச் செருப்பு

வாசல் கதவை யாரோ இரண்டு கைகளாலும் அறைந்தார்கள். உச்சிமாகாளி காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுவதற்குள் டிராயிங் வாத்தியார் நெல்லையப்பன் ஓடிப்போய்த் திறந்தார். வெளியே சாரலில் நனைந்தபடி வெள்ளைச் சேலை உடுத்திய ஓர் இளம்பெண் நின்றாள். முந்தானை சேற்றில் புரண்டிருந்தது.

“இன்ஸ்பெக்டர் ஐயா வீடு இதானா? என் புள்ளையக் காணல ஐயா. எல்லாரும் தண்ணியில தேடுதாவ. அவ தண்ணிப் பக்கமே போகமாட்டா. நான் சொன்னா ஒருத்தரும் கேக்க மாட்டேங்காவ.”

உச்சிமாகாளி போலீஸ் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். குற்றாலத்திலேயே தங்கிவிட்டார். நெல்லையப்பன் தென்காசிப் பள்ளிக்கூடத்தில் படம் வரையச் சொல்லிக்கொடுப்பவர். துப்புத் துலக்குவதென்றால் சாப்பாட்டையும் மறந்துவிடுவார். விழாவுக்கு வரவேற்பு வளைவு எழுதி முடித்த பெயிண்டு அவர் விரல்களில் இன்னும் காயவில்லை.

அது 1938ஆம் வருஷத்து ஆனி மாதம். தென்காசியில் பிரசவ ஆஸ்பத்திரி கட்டுவதற்காகக் குற்றாலத்தில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் நிதித் திருவிழா. முதல் நாள் பிற்பகலில் குழந்தைகளின் மாறுவேடப் போட்டி. அதில்தான் ஏழு வயது சந்தனமாரி காணாமற்போயிருந்தாள்.

தாய் வள்ளித்தாய், வீரகேரளம்புதூர்க்காரி. கணவன் போன வருஷம் காய்ச்சலில் இறந்துவிட்டான். தன் பங்கு நிலம் முழுவதையும் மகள் பேருக்கு எழுதி வைத்திருந்தான். அது ஊருக்கே தெரிந்த விஷயம்.

“பிள்ளை என்ன உடுத்தியிருந்தாள்?” என்று கேட்டார் உச்சிமாகாளி, குடையை எடுத்துக்கொண்டே.

“ஆண்டாள் வேஷம் ஐயா. பச்சைப் பாவாடை. வேஷம் கட்டுத கூடாரத்துல விட்டுட்டு நான் பலகாரக் கடையில நின்னேன். போன வருஷம் அருவியில ஒருத்தர் வழுக்கி விழுந்ததைப் பாத்ததுலருந்து வாளித் தண்ணியக் கண்டாலே அழுவா. அவளா போயி அருவியில நிப்பா?”

மூவரும் விரைந்தார்கள். விழாத் திடலில் பேண்டு வாத்தியம் நின்றுபோயிருந்தது. ராட்டினம் ஆளில்லாமல் நின்றது. தாய்மார்கள் பிள்ளைகளை இடுப்போடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு, உரக்கப் பேசவும் பயந்து நின்றார்கள். அந்த மௌனத்தில் பேரருவியின் இரைச்சல் மட்டும் பெரிதாகக் கேட்டது. மலையில் பெய்த மழையால் தண்ணீர் செம்மண் நிறத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. காலையிலேயே குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள்.

வள்ளித்தாயைப் பந்தலில் உட்கார வைத்துவிட்டு, உச்சிமாகாளி முதலில் வேஷக் கூடாரத்துக்குப் போனார். உடுப்புகள் தைத்துக் கொடுத்த ஹாஜரா பீவி அங்கே ஒரு மூலையில் நடுங்கிக்கொண்டிருந்தாள். அவள் உள்ளங்கைகள் சிவந்திருப்பதைக் கண்டு நெல்லையப்பன் ஒரு அடி பின்வாங்கினார்.

“ரத்தமில்ல வாத்தியாரே, சாயம்” என்றாள் அவள். “ஐயா, ஆண்டாள் கொண்டை அந்தப் புள்ள தலையில நிக்கவே இல்ல. குறத்தி வேஷம் ஒண்ணு மிச்சமிருந்துது. அதைக் கட்டிவிட்டேன். அவ அம்மா மேடையில பாத்துச் சிரிக்கட்டும்னு சொல்லாம வச்சிருந்தேன். உள்ளங்காலு வரைக்கும் செஞ்சாயம் பூசினேன். அது காயுததுக்கு முந்தியே வெளிய ஓடிட்டா.”

“செருப்பு?”

“புதுச் செருப்பு. கூடார வாசல்ல கழட்டிப் போட்டிருந்தா. பொறவு பாத்தா அதையும் காணல.”

“வேஷம் மாறியதை யாரிடமாவது சொன்னீர்களா?”

“இல்ல ஐயா. அந்தப் பொண்ணு அழுததைப் பாத்து எனக்கு வாயே வரல. படம் பிடிக்க வந்த குத்தாலிங்கம் மட்டும் பாத்தாரு.”

“நான் சொல்லும்வரை யாரிடமும் மூச்சு விடாதீர்கள்.”

வெளியே தமுக்கடிப்பவன் கத்திக்கொண்டு போனான். “ஆண்டாள் வேஷம் போட்ட பொண் குழந்தை! பச்சைப் பாவாடை! கண்டவங்க விழாப் பந்தலுக்குக் கொண்டாங்க!”

“அண்ணாச்சி, தமுக்கு தப்பால்ல அடிக்குதான்! திருத்தச் சொல்லிட்டு வரட்டுமா?” என்று நெல்லையப்பன் துள்ளினார்.

“வேண்டாம். அப்படியே அடிக்கட்டும்.”

அப்போது அருவிப் பக்கமிருந்து கூச்சல் எழுந்தது. பாறை இடுக்கில் செருப்பைக் கண்டெடுத்திருந்தார்கள். அந்தச் செய்தி பந்தலுக்குள் எட்டியதும் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். தேடியவர்கள் கரையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். இனி எதைத் தேடுவது என்பதை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

இரண்டு சின்னத் தோல் செருப்புகளும் பக்கத்தில் பக்கத்தில், வீட்டு வாசலில் விட்டதுபோல் இருந்தன. உச்சிமாகாளி ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்த்தார். ஈரத்தில் தோல் கறுத்திருந்தது. உட்புறத்தைத் தம் வெள்ளைக் கைக்குட்டையால் அழுத்தித் துடைத்தார். கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது.

அவர் முகம் வெளுத்துவிட்டதை நெல்லையப்பன் கவனித்தார். “என்ன அண்ணாச்சி? புள்ள போயிட்டாளா?”

“அப்படி நினைத்தால்கூட இவ்வளவு பயம் வராது. இதைப் போட்டுக்கொண்டு அவள் இங்கே வரவில்லை. வேறு யாரோ கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள்.” அவர் குரல் தாழ்ந்தது. “வாத்தியாரே, செருப்பு முதலில் வந்துவிட்டது. பிள்ளையை இனிமேல்தான் கொண்டுவருவார்கள்.”

நெல்லையப்பனுக்கு அப்போதுதான் புரிந்தது. இருட்டட்டும், தேடுகிறவர்கள் ஓய்ந்து வீட்டுக்குப் போகட்டும் என்று யாரோ ஒருவன் காத்திருக்கிறான். நாளைக் காலையில் உடல் மிதந்தால் ஒருவரும் ஒரு கேள்வி கேட்கமாட்டார்கள். மலைக்குப் பின்னால் வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது.

பந்தலுக்குத் திரும்பியபோது அங்கே பெரும் ரகளை. படம் பிடிக்கும் குத்தாலிங்கத்தைப் பத்துப் பேர் சூழ்ந்து நின்றார்கள். சட்டை கிழிந்து, பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு அவர் நடுங்கினார். அவர் கழுத்தைப் பிடித்து உலுக்கியவர் நல்ல உயரம், கடா மீசை, கண்ணெல்லாம் கண்ணீர்.

“குறத்தி வேஷம் கட்டின புள்ளைய எங்கலே கொண்டுபோனே? சொல்லுலே! என் தம்பி புள்ளைய என்னலே செஞ்சே?”

“நான் படம் மட்டுந்தான் எடுத்தேன் ஐயா!” என்று குத்தாலிங்கம் கதறினார்.

உச்சிமாகாளி நடுவில் புகுந்து பிரித்தார். குத்தாலிங்கத்தைக் கான்ஸ்டபிள்களிடம் ஒப்படைத்தார். உயரமானவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர்தான் சங்கிலிப்பாண்டி, வள்ளித்தாயின் கணவனுக்கு அண்ணன்.

“எப்போது வந்தீர்கள் அண்ணாச்சி?” என்று கேட்டார் உச்சிமாகாளி.

“இப்பந்தான். புள்ள வேஷம் கட்டுததைப் பாக்கலாம்னு வீரகேரளம்புதூர்லருந்து வண்டிய விரட்டிக்கிட்டு வாரேன். திடலுக்குள்ள நுழையயில தமுக்குச் சத்தம் கேட்டுத்தான் விஷயமே தெரியும். ஐயோ, என் தம்பிக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்!”

வள்ளித்தாய் அவர் காலடியில் விழுந்து, “அத்தான், நீங்கதான் எப்படியாவது கண்டுபிடிச்சுத் தரணும்” என்று அழுதாள். அவர் குனிந்து அவள் தலையைத் தடவிக் கொடுத்தார்.

“அண்ணாச்சி, படக்காரன்தான்!” என்று நெல்லையப்பன் காதில் கிசுகிசுத்தார். “கடைசியா பாத்தவன் அவன். முழியைப் பாத்தீங்களா?”

“பயந்தவன் எல்லாருக்கும் அந்த முழிதான். வாரும், வண்டிப்பேட்டை வரை போய் வரலாம்.”

வண்டிப்பேட்டையில் புளியமரத்தடியில் சங்கிலிப்பாண்டியின் கூண்டு வண்டி நின்றது. முன்னும் பின்னும் திரை இறக்கிக் கட்டியிருந்தது. மாடுகள் இரண்டும் படுத்து நிதானமாக அசைபோட்டன. அவற்றைச் சுற்றிப் பழைய சாணமும் புதுச் சாணமும் கிடந்தன. வண்டிக்காரன் பிச்சைமணி பின்பக்கத் திரையை ஒட்டி நின்றிருந்தான். மற்ற வண்டிக்காரர்கள் எல்லோரும் தங்கள் கூண்டுக்குள் ஒடுங்கியிருக்க, இவன் மட்டும் தொப்பலாக நனைந்து, பல் கிட்டிக்க நின்றான்.

“பாவம், நனையுதான்” என்றார் நெல்லையப்பன்.

உச்சிமாகாளி நிற்காமல் நடந்தார். புளியமரம் மறைந்ததும் நெல்லையப்பனின் கையைப் பற்றினார். “கேளும். இரண்டு கான்ஸ்டபிள்களைக் கூட்டிக்கொண்டு பின்பக்கமாகச் சுற்றி வாரும். விழாவுக்கு வந்திருக்கும் லேடி டாக்டரையும் அழைத்துக்கொள்ளும். நான் பந்தலில் அவரைப் பேச்சில் பிடித்து வைத்திருக்கும்போதே அந்தத் திரையைத் தூக்கும். அதுவரை வண்டிக்காரன் கண்ணில் படாதேயும். அவன் பயந்துபோனால் பிள்ளைக்குத்தான் ஆபத்து.”

“உள்ளே புள்ள உசிரோட...”

“தெரியாது” என்றார் உச்சிமாகாளி. “எனக்கும் அதுதான் பயம்.”

பந்தலுக்குள் விழாக்கமிட்டிக்காரர்கள், ஹாஜரா பீவி, குத்தாலிங்கம், வள்ளித்தாய் எல்லோரும் இருந்தார்கள். சங்கிலிப்பாண்டி ஒரு நாற்காலியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உச்சிமாகாளி அவருக்கு நேர் எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். அடக்கமான குரலில்தான் பேசினார். கண் மட்டும் அடிக்கடி வண்டிப்பேட்டைப் பக்கம் போய்வந்தது.

“சந்தனமாரி தண்ணீருக்குப் போகவில்லை. அவள் உள்ளங்காலில் ஈரச் சாயம் இருந்தது. செருப்பை மாட்டியிருந்தால் உட்புறத் தோலில் சிவப்பு ஏறியிருக்கும். தோலில் ஏறிய சாயம் சாரலில் முழுவதும் போகாது. அந்தச் செருப்பில் சுவடுகூட இல்லை.”

“கையில தூக்கிட்டுப் போயிருக்கலாம்லா?” என்று ஒரு கமிட்டிக்காரர் கேட்டார்.

“தண்ணீரைக் கண்டால் அழுகிற பிள்ளை, வழுக்குப் பாறையில் தனியாக ஏறி, செருப்பை ஜோடி சேர்த்து அழகாக வைத்துவிட்டுப் போகுமா? அது பெரியவர்கள் வேலை. எல்லோர் கண்ணையும் அருவிப் பக்கம் திருப்புவதற்காக வைத்தது.”

வள்ளித்தாய் மெல்ல எழுந்து நின்றாள்.

“அது யார்? தமுக்கில் ஆண்டாள் என்றார்கள். தாயும் ஆண்டாள் என்றுதான் சொன்னாள். கடைசி நிமிஷத்தில் வேஷம் மாறியது ஹாஜரா பீவிக்கும் படம் எடுத்த குத்தாலிங்கத்துக்கும் மட்டுந்தான் தெரியும். அதை ஒருவரிடமும் சொல்லவில்லை என்று குத்தாலிங்கம் கான்ஸ்டபிள்களிடம் சொல்லியிருக்கிறார். ஆனால் தமுக்குச் சத்தம் கேட்டுத்தான் விஷயமே தெரியும் என்ற ஒருவர், ‘குறத்தி வேஷம் கட்டின புள்ள’ என்று கேட்டார்.”

சங்கிலிப்பாண்டி தலையை நிமிர்த்தினார்.

“யாரோ சொன்னாவ” என்றார். “யாருன்னு இப்பம் ஞாபகமில்ல.”

“இருக்கட்டும். வீரகேரளம்புதூரிலிருந்து வண்டியை விரட்டி வந்ததாகச் சொன்னீர்கள். ஓடிவந்த மாட்டுக்கு நுரை தள்ளும், விலா இரைக்கும். உங்கள் மாடுகள் படுத்து அசைபோடுகின்றன. சுற்றிலும் பழைய சாணம் கிடக்கிறது. காலையிலிருந்தே அவை அங்கேதான் நிற்கின்றன. இன்னொன்று, அண்ணாச்சி. உங்கள் வண்டிக்காரன் ஏன் மழையில் நனைந்துகொண்டு வெளியே நிற்கிறான்? காலியான கூண்டுக்குள் அவன் ஏன் ஒதுங்கவில்லை?”

சங்கிலிப்பாண்டியின் முகத்தில் கண்ணீர் அப்படியே இருக்க, அதற்குக் கீழே முகம் மட்டும் மாறியது. எழ முயன்றார். குத்தாலிங்கம், அதுவரை நடுங்கிக்கொண்டிருந்தவர், ஒரே பாய்ச்சலில் அவர் தோளைப் பிடித்து நாற்காலியில் அழுத்தினார்.

வண்டிப்பேட்டையிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. உச்சிமாகாளிக்குப் பேச்சு தீர்ந்துபோயிற்று. கைகளை மடியில் கோத்துக்கொண்டு காத்திருந்தார். அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கமே பார்த்தார்கள். அவர் வாழ்நாளில் அதைவிட நீண்ட காத்திருப்பு இல்லை என்று பின்னால் சொன்னார்.

அப்புறம் நெல்லையப்பனின் குரல் கேட்டது. உடைந்து, அழுகையும் கத்தலுமாக. “மூச்சு இருக்கு! அண்ணாச்சி, மூச்சு இருக்கு!”

வைக்கோலுக்கு அடியில் சாக்கில் சுருட்டிக் கிடத்தியிருந்தார்கள். பாசிமணி அணிந்த சின்னக் குறத்தி, உதடு நீலம் பாரித்து, கூப்பிட்ட குரலுக்கு அசையாமல் கிடந்தாள். அபின் கலந்து கொடுத்திருப்பதாக லேடி டாக்டர் சொன்னார். பிச்சைமணி மண்ணில் விழுந்து, பிள்ளை இல்லாவிட்டால் தம்பி நிலம் தனக்கே வரும் என்று சங்கிலிப்பாண்டி இருட்டினதும் அருவியில் தூக்கிப் போடச் சொன்னார் என்றும் தன்னால் அது முடிந்திருக்காது என்றும் அரற்றினான். அவனையும் சங்கிலிப்பாண்டியையும் கான்ஸ்டபிள்கள் கொண்டுபோனார்கள். வள்ளித்தாய் அவர்களைத் திரும்பியும் பார்க்கவில்லை.

பந்தலிலேயே வைத்தியம் நடந்தது. கறுப்புக் காப்பியைச் சொட்டுச் சொட்டாகப் புகட்டினார்கள். முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். ஹாஜரா பீவி பாதங்களைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். தூங்க விடக்கூடாது என்று டாக்டர் சொன்னதால் நெல்லையப்பனும் குத்தாலிங்கமும் மாறி மாறிப் பிள்ளையைத் தோளில் போட்டு உலுக்கி நடந்தார்கள். நாளைய விழாவை நிறுத்திவிடலாமா என்று கமிட்டிக்காரர்கள் தயங்கிக் கேட்டபோது, டாக்டர் நாடியிலிருந்து விரலை எடுக்காமலே, “நிறுத்தாதீர்கள். ஆஸ்பத்திரி ஏன் வேண்டும் என்று இன்றைக்குத் தெரியவில்லையா?” என்றார்.

பெட்ரோமாக்ஸ் விளக்குகள் ஏற்றிய நேரத்தில் சந்தனமாரி கண்ணைத் திறந்தாள். வெளிச்சம் கூசிச் சுருங்கினாள். வள்ளித்தாய் அவளை வாரி மடியில் போட்டுக்கொண்டு முகமெங்கும் தடவினாள். பந்தல் முழுவதும் தேம்பல் எழுந்தது.

பிள்ளை சுற்றும் முற்றும் பார்த்தாள். அவள் தேடிய முகம் அங்கே இல்லை.

“அம்மா, பெரியப்பா எங்க? சர்பத்து வாங்கித் தந்தாவ. கசக்குன்னேன். இன்னொண்ணு நல்லதா வாங்கித் தாரேன்னாவ.”

வள்ளித்தாய் உச்சிமாகாளியை ஏறிட்டுப் பார்த்தாள்.

“ஊருக்குப் போயிட்டாவ” என்றாள் தாய்.

“எங்கிட்ட சொல்லாமலா?” என்றாள் சந்தனமாரி. அவள் உதடு பிதுங்கியது. வண்டியில் கிடந்ததெல்லாம் நினைவில் இல்லாத அந்தப் பிள்ளை, பெரியப்பா தன்னை விட்டுவிட்டுப் போய்விட்டாரே என்று அழத் தொடங்கினாள்.