குரலரசு விடாத மூச்சு

கொங்கு மண்டலத்துக் கலாரசிகப் பெருமக்களுக்கு மகத்தான, மங்களகரமான, வேறெந்த மண்டலமும் இதுவரை கேட்டறியாத ஓர் அறிவிப்பு! கண்ணால் நாவல் படித்துக் களைத்த காலம் இன்றோடு முடிந்தது. இனிக் காதல் காது வழியாக வரும். 'எஸ்டேட்டில் ஓர் இதயம்', இரண்டு கேசட்டுகளில், புதுப்பொலிவுடன் மறுபதிவு! வாசித்து வழங்குபவர் குரலரசு, சொல்லருவி, பீளமேடு சுந்தரராஜுலு!

இதை அறிவித்தவரும் பீளமேடு சுந்தரராஜுலுதான். நாவலை எழுதியவர் யாரென்று அறிவிப்பிலும் இல்லை, கேசட் அட்டையிலும் இல்லை. பட்டங்களுக்கே இடம் போதவில்லை.

பதிவைத் திரும்பப் போட்டுக் கேட்டபோது அவருக்கு எல்லாம் திருப்தியாகவே இருந்தது, ஒன்றைத் தவிர. 'கொங்கு' என்ற முதல் சொல்லுக்கு முன்னால் யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள். மெதுவாக. பேசலாமா, இன்னும் கொஞ்சம் பொறுக்கலாமா என்று யோசிக்கிற ஆள் இழுப்பது போல. சுந்தரராஜுலு பேசுவதற்கு முன் யோசிக்கிற வழக்கம் இல்லாதவர். அதிலும் மூச்சு விஷயத்தில் அவருக்குத் தனிப் பெருமை உண்டு. கும்பாபிஷேகப் பத்திரிகை ஒன்றை, உபயதாரர்கள் பெயர் உட்பட, ஒரே மூச்சில் வாசித்துக் காட்டித்தான் அவர் குரலரசு ஆனார்.

"ஆறுச்சாமி, இது யார் மூச்சு?"

காந்திபுரத்தில் கேசட் கடை வைத்திருக்கும் ஆறுச்சாமி காதில் மாட்டியிருந்ததைக் கழற்றினார். "உங்களுதுதானுங்களே. உள்ள வேற ஆருங்க இருந்தாங்க?"

யாரும் இல்லை. பதிவு செய்த அந்த மாடி அறையில் இன்னொருவர் இருக்க இடமும் இல்லை.

மறுபதிவு ஏன் தேவைப்பட்டது என்பதை அறிவிப்பு சொல்லவில்லை. முதல் பதிவில் கதாநாயகன் வால்பாறைத் தேயிலைச் சரிவில் நின்று 'என் உயிரே' என்று கூவிய கணத்தில் பக்கத்து மில்லின் சங்கு ஊதிவிட்டது. மதிய ஷிப்ட் தொடங்குவதற்கும் கதாநாயகியின் நாணத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டவர்கள் குழம்பினார்கள். மொத்தமாக வாங்கிப்போன பல்லடம் பொன்னாத்தாள் கேசட்டுகளை ஒரு பையில் போட்டுத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். அவருக்குக் கோழிப்பண்ணை. முட்டை அடுக்கும் பெண்கள் நாள் முழுக்கக் கேட்க ஏதாவது ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

"தப்பா நெனச்சுக்காதீங்க," என்றார் பொன்னாத்தாள். "அந்தப் பையன் 'உன்னை விரும்புகிறேன்'ங்கறானுங்க. ரயிலு மூணாம் பிளாட்பாரத்துக்கு வருதுன்னு சொல்றாப்ல இருக்குது. அந்தப் புள்ளை பேசுனா அதுக்கு மேலீங்க. கீச்சு கீச்சுன்னு. சிரிச்சுச் சிரிச்சு எங்க புள்ளைக கையில இருந்த அட்டையக் கீழ போட்டுட்டாளுக."

"அது நவரசம், அம்மா."

"இருக்கட்டுமுங்க. கேக்கறவளுக்கும் கொஞ்சம் எடம் உடோணுமுங்களே. அவ உள்ள வாரதுக்குள்ள நீங்களே காதலிச்சு முடிச்சர்றீங்க."

சுந்தரராஜுலுவுக்கு அது பிடிபடவில்லை. காதல் கதையில் கேட்கிறவளுக்கு என்ன வேலை? ஆனாலும் உறைத்தது. அண்ணன்கள் இருவரும் மோட்டார் பம்பு செய்தார்கள். மூன்றாமவரான இவருடைய விசிட்டிங் கார்டில் 'ஆலோசகர்' என்று இருந்தது. இதுவரை யாரும் ஆலோசனை கேட்டதில்லை. குடும்பத்தில் அவருக்கென்று இருந்தது குரல் ஒன்றுதான். அதையும் ஒரு பையில் போட்டுத் திருப்பித் தந்தால் மீதி என்ன?

சங்குச் சத்தத்தைத் தடுக்கப் பழைய முட்டை அட்டைகளைப் பொன்னாத்தாளே லாரியில் அனுப்பிவைத்தார். சுந்தரராஜுலுவின் வீட்டு மாடியில் சாமான் போட்டிருந்த அறையைக் காலி செய்து, சுவர், கூரை, கதவின் உட்புறம் என்று ஓரிடம் விடாமல் ஆறுச்சாமி அட்டைகளை ஒட்டினார். சாம்பல் நிறத்தில் குழி குழியாக, பக்கத்தில் பக்கத்தில், வாயைத் திறந்துகொண்டு காத்திருப்பது போல. உள்ளே காய்ந்த எச்சமும் ஈரம்பட்ட காகிதமும் கலந்த வாடை. எங்கோ ஒட்டியிருந்த சிறு இறகுகள், காற்றே இல்லாத அறையில், அவ்வப்போது நடுங்கின. மின்விசிறி இரையும் என்று அதையும் கழற்றியாயிற்று. ஆறுச்சாமியால் அந்தப் புழுக்கத்தில் உட்கார முடியவில்லை. "ரிக்கார்டர்ல சிவப்புப் பொத்தானை அமுக்கிப்போட்டுப் படியுங்க. நீங்க பேசறப்ப சத்தத்தோட அளவு காட்டற இந்த ஊசி ஆடோணும். அதை மட்டும் பாத்துக்கோங்க," என்று சொல்லிவிட்டுக் கீழே காபிக்குப் போய்விடுவார்.

கல்யாண மண்டபத்தில் சுந்தரராஜுலு வீசுகிற குரல் எதிர்ச் சுவரில் மோதி, இன்னும் கொஞ்சம் கம்பீரம் கூடி, அவரிடமே திரும்பி வரும். அவர் பாதி நேரம் பேசியது அதைக் கேட்பதற்காகத்தான். இங்கே சொல் வாயை விட்டுப் போனது, போனதுதான். கிணற்றில் போட்ட கல் தண்ணீரைத் தொடாமலே இறங்கிக்கொண்டிருப்பது போல இருந்தது. முகம் சிவக்கக் கத்திப் பார்த்தார். குழிகள் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டன.

மறுபதிவின் முதல் கேசட்டை முடித்து அவர் போட்டுக் கேட்டார். 'சாரிகா! உன்னை விட்டு ஒருநாளும், ஒருகணமும் நான் போகமாட்டேன்!' என்று அவர் முழங்கியிருந்தார். நாடாவில் 'சாரிகா' என்று மட்டும் வந்தது, அவருடைய குரலில், அவர் ஒருபோதும் பேசியிராத அளவு தணிந்து. பிறகு ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததில் மூச்சு ஒன்று உள்ளே போயிற்று. கேட்கிற அவருக்கே உட்கார்ந்த இடத்தில் நிமிரத் தோன்றியது. அதன் பிறகு, மிகப் பக்கத்தில்: 'போகமாட்டேன்.' கதாநாயகி பேசும் இடத்தில் கீச்சு இல்லை. குரல் ஒரு படி இறங்கியது, அவ்வளவுதான், அவள் வந்துவிட்டாள்.

அவர் வாசித்த சொற்களில் பாதி நாடாவில் இல்லை. அவை எங்கே போயின?

இந்தக் கேள்வி அவரைச் சற்று நேரம் வாட்டியது. பிறகு கேசட் விற்கத் தொடங்கிவிட்டது. பல்லடத்தில் முட்டை அடுக்கும் பெண்கள் அழுதுகொண்டே அடுக்கினார்களாம். கொடுமுடியிலிருந்து ஒரு கடைக்காரர் நேரில் வந்து வாங்கிப்போனார். தனக்கே தெரியாமல் தான் எத்தனை பெரிய கலைஞன் என்று சுந்தரராஜுலு வியந்து, மாலைகளை ஏற்றுக்கொண்டார்.

அடுக்களையில்தான் அது மறுபடி உறுத்தியது. மனைவி வெங்கடலட்சுமி, அவர் பேச ஆரம்பித்தால் மிக்ஸியைப் போடுகிறவள். அன்று மிக்ஸியை நிறுத்திவிட்டு, அரைபட்ட தேங்காய் வாசனை நடுவில், கேசட்டைக் கேட்டுக்கொண்டு நின்றாள். தேங்காய் ஒட்டிய விரலைத் துடைக்கக்கூட இல்லை. முகத்தில் அவர் இதுவரை பார்த்திராத ஒரு வெட்கம். அவளை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. 'காபி' என்பார், அந்தப் பெயருக்கு அவள் வருவாள்.

"ஏனுங்க, இது நீங்களா?"

"பின்ன யாரு?"

"இல்லைங்க. இவரு நம்மளக் கேட்டுட்டுக் கேட்டுட்டுப் பேசறாப்ல இருக்குது."

இவரு. அந்தச் சொல் அன்று முழுக்க அவரோடு மாடிக்கும் கீழுக்கும் நடந்தது. சாப்பிட உட்கார்ந்தால் எழுந்தார். செய்தித்தாளைப் பிரித்தால் மடித்தார். மேலே, மூடிய கதவுக்குப் பின்னால், கோழிக்குஞ்சு முட்டை ஓட்டை உள்ளிருந்து அலகால் தட்டுவது போல மிகச் சிறிய சத்தம். காதை வைத்தால் நின்றது. நகர்ந்தால் தொடங்கியது.

அடுத்த வாரம் ஒரு கல்யாண வரவேற்பில் ஒலிபெருக்கியைப் பிடித்து 'வருக, வருக' என்றார். முதல் வருக வந்தது. இரண்டாவது வரவில்லை. கூட்டத்தில் யாரும் கவனிக்கவில்லை. ஒருவர் கைகூடத் தட்டினார். தொண்டை டாக்டர் விளக்கடித்துப் பார்த்து, உள்ளே எல்லாம் ஜோராக இருக்கிறது என்றார். "ரெஸ்ட்டா இருங்க, எல்லாருக்கும் நல்லது," என்றார் பெரியண்ணன் அரங்கசாமி. நாளுக்கு நாள் குரல் மெலிந்தது. 'காபி' என்று அவர் சொன்னது வெங்கடலட்சுமியின் காதில் விழவில்லை. அவள் கேசட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

எடுத்தது எதுவோ, எடுத்த இடம் மாடி அறைதான். கொடுத்த இடத்திலேயே திருப்பி வாங்க வேண்டும்.

மூன்றாவது கேசட் என்று ஆறுச்சாமியிடம் சைகையில் சொல்லிவிட்டு, வெயில் உச்சியில் நின்ற ஒரு நண்பகலில் மாடியேறினார். கதவைச் சாத்தியதும் மில் இரைச்சல், காக்கை, தெருவின் சைக்கிள் மணி எல்லாம் ஒரே வெட்டில் நின்றன. வாடை அடர்ந்திருந்தது, இளஞ்சூடாக, இப்போதுதான் எதுவோ எழுந்துபோன கூட்டைப் போல. இறகுகள் நடுங்கிக்கொண்டிருந்தன. அவர் சிவப்புப் பொத்தானை அமுக்கினார். நாடா சுற்றியது.

'கொங்கு மண்டலத்துக் கலாரசிகப் பெருமக்களுக்கு' என்றார்.

ஊசி ஆடவில்லை.

இன்னும் உரக்க. கழுத்து நரம்பு புடைக்க. அடிவயிற்றிலிருந்து. குரலரசு! சொல்லருவி!

ஊசி படுத்தே கிடந்தது.

களைத்துப்போய் வாயை மூடினார்.

ஊசி எழுந்தது.

நிதானமாக எழுந்து, ஆடி, தாழ்ந்து, நின்றது. காத்திருந்தது. மறுபடி எழுந்தது. பேச்சின் ஆட்டம் அது. அவர் உதடுகளைப் பல்லால் கடித்துக்கொண்டார். ஊசி ஆடியது. கையால் வாயைப் பொத்தினார். ஆடியது.

காதொலிப்பானை எடுத்து மாட்டினார். முதலில் அந்த மூச்சு. உள்ளே. மெதுவாக. பிறகு அவர் குரல்.

'லட்சுமி.'

இடைவெளி. கேட்கிறவள் உள்ளே வந்து உட்காரும் அளவுக்கு இடைவெளி.

கீழேயிருந்து, அந்த அறைக்குள் வரவே முடியாத சத்தம், காதொலிப்பானில் தெளிவாக வந்தது. "வாரேனுங்க." மாடிப்படியில் கொலுசு.

அவர் கதவை நோக்கித் திரும்பினார். அட்டை. இடப்பக்கம் திரும்பினார். அட்டை. கதவின் விளிம்பு இல்லை. கைப்பிடி இல்லை. தள்ளினார். உள்ளங்கையில் ஈரம். ஒவ்வொரு குழியும் ஈரமாக, வெதுவெதுப்பாக, உதட்டின் உட்புறம் போல இருந்தது. 'லட்சுமி' என்று கத்தினார். முதன்முறையாக அந்தப் பெயரை. காற்று மட்டும் போனது. குழிகள் அதையும் வாங்கிக்கொண்டன.

"ஏனுங்க, இன்னைக்கு இவ்வளவு மெதுவாக் கூப்பிடறீங்க?" என்று காதில் கேட்டாள் அவள். ஓர் இடைவெளி. அவர் குரல் ஏதோ சொன்னது, தணிந்து, அவளுக்கு மட்டும். அவள் சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பு அவளிடம் இருந்ததே அவருக்குத் தெரியாது. பிறகு கொலுசு படியிறங்கியது. அதன் பக்கத்தில், அதே வேகத்தில், அவருடைய செருப்புச் சத்தமும்.

அவர் வாயைத் திறந்தபடி நின்றார். அவரைச் சுற்றிலும் எல்லா வாய்களும் திறந்திருந்தன. நாடா சுற்றிக்கொண்டே இருந்தது. அவர் மூச்சு விடும்போது மட்டும் ஊசி மயிரிழை அசைந்தது.

மூன்றாவது கேசட் முந்தைய இரண்டையும் விட நன்றாக விற்றது. பின்னால் மூச்சுச் சத்தம் கொஞ்சம் தொந்தரவாக இருக்கிறது என்று பொன்னாத்தாள் சொன்னதால், அடுத்த பதிப்பில் ஆறுச்சாமி அதை எடுத்துவிட்டார்.