வெயிலுக்குப் போன மூட்டை

காலையில் எழுந்ததும் மகளின் காதுக்குப் பின்னால் படர்ந்திருக்கும் பாசியை வழித்துவிடுவதுதான் மாசிலாமணியின் முதல் வேலை. கரண்டிக் காம்பால் மெல்ல வழிப்பான். பாலாடை மாதிரி பச்சையாகச் சுருண்டு வரும். எண்ணூர் மிதப்பில் எல்லா வீட்டிலும் இதே கதைதான். பெரியவர்களுக்குத் தோலுக்கடியில் பாசித் தடுப்பி வைத்திருப்பதால் அந்தத் தொல்லை இல்லை. பிள்ளைகளுக்கு வளர்ந்த பிறகுதான் வைப்பார்கள்.

மாசிலாமணி பிறப்பதற்கு முன்பே பிடித்த மழை அது. நின்றபாடில்லை. ஊர் மொத்தமும் மிதவைகளின் மேல் ஏறி, 'மிதப்பு' என்று பெயர் வாங்கிக்கொண்டது. வானத்தில் வெளிச்சம் செத்துப்போனதால் சுவர், தரை, கூரை எல்லாவற்றையும் ஒளிர வைத்துவிட்டார்கள். நாலு பக்கமும் வெளிச்சம் இருந்தால் நிழல் எங்கே போய் விழும்? எட்டு வயது சுடர்க்கொடி தன் நிழலைப் பார்த்ததே இல்லை.

பாடத்தில் படித்துவிட்டு வந்த நாளிலிருந்து ஒரே நச்சரிப்பு.

"ப்பா, அது நம்ம கூடவே வருமாமே. நான் கையத் தூக்குனா அதுவும் தூக்குமாம். அதுக்குப் பசிக்காதா?"

மிதப்பின் அடியில் தண்ணீர் இறைக்கும் குழாய்களில் அடைத்த சேற்றை அள்ளுகிற வேலை அவனுக்கு. வீடு திரும்பும்போது உடம்பு ஒரு பக்கமும் உயிர் ஒரு பக்கமுமாகத்தான் வரும். அப்படி வந்த ஒரு சாயங்காலம், மடியில் ஏறிய பிள்ளையின் தலையில் கை வைத்து, "உன் நிழல உனக்குக் காட்டுறேண்டி" என்று சொல்லிவிட்டான்.

சொன்ன வேளை நல்ல வேளை போலிருக்கிறது. பூமியில் மிஞ்சியிருந்த ஒரே பாலைவனத் துண்டை மழைமேகங்களுக்கும் மேலே எழும்பிய கண்ணாடிக் கவிகையால் மூடி, மழை உள்ளே வராமல் காத்து, அதற்குள் 'உலர்நிலம்' என்று புதிதாக விடுதி திறந்திருந்தார்கள். அங்கே தங்குவதற்கான குலுக்கலில் இவர்கள் பெயர் விழுந்தது.

அவன் மனைவி தங்கபுஷ்பம் அன்றே மூட்டை கட்ட ஆரம்பித்தாள். போர்வை, தலையணை உறை, பாவாடை, கல்யாணப் புடவை. எல்லாம் சொதசொதவென்று இருந்தன.

"இன்னாத்துக்கு இவ்ளோ?"

"பொறந்ததுலேர்ந்து ஒரு போர்வை காஞ்சு நான் பாத்ததில்லீங்க. அங்க வெயிலு சும்மாதானே கொட்டிக் கிடக்குது?"

விடுதியில் இறங்கியதும் மூன்று பேருக்கும் காது அடைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. மழைச் சத்தம் இல்லை. அதை மீறிக் கத்திக் கத்தியே பழகியவர்கள், இங்கே தாங்கள் விடுகிற மூச்சையே கேட்டுத் திடுக்கிட்டார்கள். முகப்புக்கு அப்பால் மணல், பொன்னை இழைத்துக் கொட்டியதுபோல் அசையாமல் கிடந்தது. காற்று வந்து கன்னத்தைத் தொட்டது. தொட்ட இடத்தில் ஈரம் ஒட்டவில்லை. செத்துப் பிழைத்து வேறு எங்கோ வந்துவிட்டோமோ என்று மாசிலாமணிக்குத் தோன்றியது.

வரவேற்பி என்கிற இயந்திரப் பெண், பிள்ளையின் கண் வெளிச்சத்துக்குப் பழகும்வரை கூரைக்கடியிலேயே உட்காரச் சொன்னது. சுடர்க்கொடி சம்மணம் போட்டு மணலைப் பார்த்தபடி இருந்தாள். கொஞ்ச நேரத்தில், "இனி போகலாம்" என்றது வரவேற்பி.

"ப்பா, வா!"

"இருடி," என்றாள் புஷ்பம். "ஏங்க, மொதல்ல அந்தக் கயித்தக் கட்டுங்க. வெயிலு இருக்கும்போதே துணியப் போட்டுடலாம். நெழலு எங்க ஓடிடப் போவுது?"

அதுவும் சரிதானே என்று பட்டது அவனுக்கு. வெயிலில் இறங்கிக் கயிறு கட்டினான். காலடியில் கறுப்பாக என்னவோ கூடவே நகர்ந்தது. மகளுக்கு முன்னால் தான் பார்ப்பது நியாயமில்லை என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, போர்வையை உதறி விரித்தான்.

பக்கத்து அறையிலிருந்து ஒருத்தி எட்டிப் பார்த்தாள். "அக்கா, உங்க கயித்தோரமா ரெண்டு துண்டு போட்டுக்கட்டுமா? எங்களுது ரொம்பிப்போச்சு."

"தாராளமா போடு. ஆனா எம் பொடவை மேல சொட்டக் கூடாது, ஆமா."

போர்வை காய்ந்தது. புஷ்பம் அதில் முகத்தைப் புதைத்து வெகுநேரம் நின்றாள். நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது. "வாசத்தப் பாருங்களேன்," என்றாள்.

பிறகுதான் மகளைக் கைப்பிடித்து இறங்கினான். பார்த்தால், விடுதி நெடுகிலும் கயிறுகள். வந்த குடும்பமெல்லாம் மெத்தை விரிப்பு, திரைச்சீலை, கோணி என்று கொண்டுவந்து தொங்கவிட்டிருந்தது. மணல் முழுக்கத் துணிகளின் நிழல். பிள்ளையின் நிழல் விழ ஒரு முழம் இடமில்லை. வெறும் மணலைத் தேடி இருவரும் நடந்தார்கள். கால் புதையப் புதைய நடந்தார்கள்.

கடைசிக் கயிற்றையும் தாண்டியபோது சுடர்க்கொடியின் பாதத்திலிருந்து ஒன்று மெல்ல நீண்டது. வெளுத்துப்போய், ஈரத்துணி விட்ட கறைபோல் இருந்தது. அவள் கையைத் தூக்கினாள். அதுவும் தூக்கியது.

"ப்பா, நானு!"

அவள் குனிந்து தொடுவதற்குள் அது கரைந்துபோனது.

மாசிலாமணி அண்ணாந்து பார்த்தான். கண்ணாடிக் கவிகைக்கு அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு மேகம் தொங்கியது. மனிதர் விடும் மூச்சு, வியர்வை, குளியல் எல்லாவற்றையும் கணித்துத்தான் அந்த இடத்தைக் கட்டியிருந்தார்கள். துணி மூட்டை ஒன்றைத்தான் கணிக்கவில்லை. திறந்த நாள் முதல் காய்ந்த துணிகளின் ஈரமெல்லாம் வெளியே போக வழியின்றி மேலே கூடிக்கொண்டே இருந்தது.

முதல் சொட்டு அவன் மூக்கில் விழுந்தது.

"மழை! துணிய எடுங்க, துணிய எடுங்க!"

புஷ்பம்தான் கத்தினாள். அன்றுவரை ஆயுளில் ஒருநாளும் வெளியே துணி காயப்போட்டிராத அவளுக்கு அந்த வார்த்தை எங்கிருந்து வந்ததோ. விடுதியே ஓடியது. ஆளாளுக்கு எடுத்த துணி எல்லாம் நனைந்தே இருந்தது.

முகப்பில் வரவேற்பி அதே இனிய குரலில் பேசியது: "வருந்துகிறோம். இந்த விடுதி இத்துடன் மூடப்படுகிறது. நிலவில் அடுத்த விடுதி எழும்புகிறது. அங்கே துளி ஈரமும் கிடையாது. பெயர் கொடுக்க விரும்புவோர் வரிசையில் வரலாம்."

வரிசை சேர்ந்துவிட்டது. சுடர்க்கொடி அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அங்க என் நெழலு இருக்குமா?"

"மிக அழுத்தமாக இருக்கும்," என்றது வரவேற்பி.

"அப்போ மெத்தையையும் எடுத்துட்டுப் போயிடலாங்க," என்றாள் புஷ்பம், போர்வையைப் பிழிந்துகொண்டே.

மாசிலாமணி மகளின் தலையில் மறுபடி கை வைத்தான். அவன் முறை வந்ததும் வரவேற்பியிடம் குனிந்து கேட்டான்:

"கயிறு கட்ட அங்க கம்பம் இருக்குமா, நாங்களே கொண்டாந்துடணுமா?"