பிரேக் போட்டால் பெய்யும் மழை

இம்மானுவேலின் பிக்கப் வண்டிக்கு வயது பதினாறு. மகள் சோனியாவுக்குப் பத்து. வீட்டில் மூத்த பிள்ளை யார் என்று யாராவது கேட்டால், இம்மானுவேல் வண்டியைத்தான் கைகாட்டுவார்.

தினமும் காலையில் அந்த வண்டியில் சிப்காட் தொழிற்பேட்டைக் கம்பெனி கேன்டீன்களுக்குக் காய்கறி போகும். முன் சீட்டில் சோனியா போவாள். எளாவூரில் ஏறி, கும்மிடிப்பூண்டியில் பள்ளிக்கூட வாசலில் இறங்குவாள்.

சாயங்காலம் அப்பா அலுத்துப்போய் வருவார். சாப்பிடும்போதே கண் சொருகிவிடும். அப்பா முழுசாகக் கிடைப்பது அந்தக் காலைப் பயணத்தில் மட்டும்தான். வகுப்பில் யாரோடு சண்டை, யார் பென்சிலை யார் கடித்தார்கள் என்று எல்லாக் கதையும் அப்போதுதான் நடக்கும்.

ஐப்பசி மழை தொடங்கியதும் வண்டிக்குள் ஒழுகத் தொடங்கியது. சோனியாவின் காலடியில் தண்ணீர் தேங்கியது. அவள் ஷூவைக் கழற்றிவிட்டுச் சீட்டில் சம்மணம் போட்டுக்கொண்டாள். அது கொஞ்சம் ஜாலியாகக்கூட இருந்தது.

ஆனால் தண்ணீர் பக்கத்திலிருந்த ஃபியூஸ் பெட்டிக்குள்ளும் இறங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை மத்தியானம், அப்பா தனியாக வரும்போது, வண்டி நடு ஹைவேயில் அப்படியே நின்றுபோனது. பின்னால் வந்த கன்டெய்னர் லாரி கடைசி நொடியில் ஒதுங்கிப் போனது.

அதைக் கேட்டதிலிருந்து அம்மா மேரிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"லாரிக்காரன் கொஞ்சம் தூங்கிக்கினு வந்திருந்தா இன்னா ஆயிருக்கும்? முன் கண்ணாடிய சுத்தி எத்தினி வாட்டி பேஸ்ட் வெச்சாச்சு, ஒழுகறது நின்னுச்சா? எங்க பாக்கியநாதன் அண்ணன் இந்த வண்டிய கேட்டுக்கினே இருக்காரு, குடுத்துடுங்க. நீங்க கம்பெனில ஷிப்ட்டுக்குப் போங்க."

அப்பா வண்டிக் கதவைத் தடவிக்கொண்டு நின்றார். பிறகு, "ஞாயித்துக்கிழம வந்து எடுத்துக்கச் சொல்றேன்" என்றார்.

ஷிப்ட் என்றால் சோனியா கண்விழிக்கும் முன்பே அப்பா கிளம்பிவிடுவார். அவளுக்கு அழுகை வந்தது. அம்மா சொல்வதும் நியாயம்தான் என்று தெரிந்ததால் அழுகை இன்னும் கூடியது.

மறுநாள் சனிக்கிழமை. மழைக்காக விட்ட லீவை ஈடுகட்டப் பள்ளிக்கூடம் வைத்திருந்தார்கள். தூறல் விழுந்துகொண்டிருந்தது. ஃபியூஸ் பெட்டியைக் காயவைத்துக் கிளப்பிய வண்டி, அம்மாவின் கண்டிப்புப்படி சர்வீஸ் ரோட்டில் ஓரமாக ஊர்ந்தது. கடைசிப் பயணம் என்பதால் சோனியா பேசவே இல்லை. பேசாமல் இருந்ததால் கவனித்தாள்.

நேராகப் போகும்போது ஒரு சொட்டும் விழவில்லை. வேகத்தடை வந்தது. அப்பா பிரேக் போட்டார். கண்ணாடி ஓரத்துக் கம்பி வழியாகச் சளக்கென்று தண்ணீர் இறங்கியது. செக்போஸ்ட் பக்கம் ஒரு மாடு குறுக்கே வந்தது. பிரேக். மறுபடியும் சளக்.

"அப்பா, நீ பிரேக் போட்டாத்தான் ஊத்துது."

"மழ பெஞ்சா ஊத்துது கண்ணு."

"இல்லப்பா. பக்கெட்ல தண்ணி தூக்கிக்கினு போறப்போ டக்குனு நின்னா முன்னாடி தளும்பும்ல? அந்த மாதிரி ஊத்துது."

அப்பா வண்டியை ஓரம் கட்டினார். "அப்போ தண்ணி எங்கியோ தேங்கி நிக்குதுன்றியா?"

சோனியா மேலே பார்த்தாள். அப்பாவும் பார்த்தார். தலைக்கு மேல் ஒட்டியிருந்த ரெக்சின், பிரியாணி சாப்பிட்ட தம்பி சாம்சனின் வயிறு மாதிரி லேசாக உப்பியிருந்தது.

"இத்தினி நாளா நீ இத சொல்லவேயில்லியே?"

"நீ கேக்கவேயில்லியே. கண்ணாடிதான், கண்ணாடிதான்னு சொல்லிக்கினே இருந்த."

அப்பா தலையைச் சொறிந்துகொண்டே வண்டியைக் கிளப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்தபோது வெயில் அடித்தது. அப்பா ரெக்சினைப் பிரித்தார். உள்ளே தேங்கியிருந்த தண்ணீர் மொத்தமும் அவருடைய வெள்ளைச் சட்டையில் இறங்கியது. சாம்சன் விழுந்து விழுந்து சிரித்தான்.

உள்பக்கத் தகரத்தைத் துடைத்துக் காயவைத்ததும், சோனியா அம்மாவின் முகப்பவுடரை எடுத்து வந்து தகரம் முழுவதும் ஒற்றினாள். தண்ணீர் எந்த வழியாக வந்தாலும் பவுடரில் கோடு விழும் அல்லவா? சாம்சன் டார்ச்சோடு சீட்டில் மல்லாந்து படுத்துக்கொண்டான்.

சோனியா முதலில் கண்ணாடியைச் சுற்றி ஊற்றினாள். கோடு இல்லை. கதவு ஓரங்களில் ஊற்றினாள். கோடு இல்லை. மேலேயிருந்து ஆரம்பித்திருந்தால் எல்லா இடமும் நனைந்துபோய் ஒன்றுமே புரியாது. அதனால் கீழேயிருந்து மேலே போனாள்.

அந்த நேரம் பார்த்துப் பைக்கில் வந்து இறங்கினார் பாக்கியநாதன் மாமா.

"எனக்குத் தர வண்டிய இவ்ளோ பாசமா கழுவுறியா கண்ணு?"

"கழுவல மாமா. ஓட்டைய தேடுறோம்."

மாமா ஒரு நிமிஷம் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குழாயில் பக்கெட்டை நிரப்பி வந்து கொடுத்தார்.

பின்பக்கம் ஏறி நின்று, சோனியா வண்டியின் தலையில் ஊற்றினாள்.

"அக்கா, பவுடர்ல கோடு வருது" என்றான் சாம்சன் உள்ளேயிருந்து. "ரெண்டு கோடு. இல்ல, நாலு."

அப்பா மேலே ஏறினார். அவர் தேய்த்துப் பார்த்த இடத்தில், வெள்ளைப் பெயின்ட்டோடு பெயின்ட்டாக என்னவோ ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டியதும் உதிர்ந்து வந்தது.

"இது மெழுகு" என்றார் மெதுவாக.

மாமா பக்கெட்டைக் கீழே வைத்துவிட்டார்.

ஒவ்வொரு டிசம்பரிலும் கிறிஸ்துமஸுக்காகச் சர்ச்சிலிருந்து வீடு வீடாகப் பாட்டுப் பாடிக்கொண்டு போவார்கள். முன்னால் பெரிய ஸ்டார் போகும். போன வருஷம் அந்த ஸ்டாரின் இரும்பு ஸ்டாண்டை இந்த வண்டியின் தலையில்தான் போல்ட் போட்டு மாட்டினார்கள். கழற்றிய பிறகு நான்கு ஓட்டைகள் மிஞ்சின. பாடும்போது கையில் பிடித்த மெழுகுவர்த்திகளும் மிஞ்சின. அவற்றை உருக்கி இந்த ஓட்டைகளில் ஊற்றி அடைத்துவிட்டார்கள். வண்டியும் வெள்ளை, மெழுகும் வெள்ளை. பிறகு சித்திரை வெயில் வந்தது. அந்தத் தகரத்தில் ஆம்லெட்டே போடலாம், மெழுகு எம்மாத்திரம்?

அம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டாள். "எந்தப் புத்திசாலி இதுல மெழுகு ஊத்துனது?"

அப்பா மாமாவைப் பார்த்தார். மாமா வானத்தைப் பார்த்தார்.

"மெழுகுவர்த்திய ஒடச்சுக் குடுத்தது நான்" என்றார் அப்பா. "உருக்கி ஊத்துனது உங்கண்ணன்."

வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அம்மா சிரித்தது அப்போதுதான்.

அப்பா மெழுகையும் துருவையும் சுரண்டி எடுத்து, நான்கு போல்ட் கொண்டு வந்தார்.

"போல்ட் போட்டாலும் சந்துல தண்ணி பூந்துடுமேப்பா" என்றாள் சோனியா. "என்னோட பழைய சைக்கிள் ட்யூப் இருக்குல்ல? அத வட்டமா வெட்டி அடியில வெச்சா?"

அப்பா தலையாட்டினார். ட்யூப்பை வட்டமாக வெட்டி வைத்து, போல்ட்டை முறுக்கி, மேலே பேஸ்ட்டும் தடவினார். அது காய்ந்ததும் மாமா ஒரு பக்கெட் தண்ணீரை அப்படியே கவிழ்த்தார்.

"ஒண்ணும் வரல. பவுடர் வாசனதான் வருது" என்றான் சாம்சன்.

அம்மா மட்டும் அசையவில்லை. "பக்கெட் தண்ணிய நான் நம்ப மாட்டேன். மழ பெய்யட்டும்."

"அதுவும் சரிதான்" என்றார் மாமா. "ஒழுகுச்சுன்னா வண்டி எனக்கு. ஒழுகலன்னா சோனியாவுக்கே இருக்கட்டும்."

திங்கட்கிழமை காலை மழை கொட்டித் தீர்த்தது. அம்மா தானே வண்டியில் ஏறி சோனியாவோடு நெருக்கி உட்கார்ந்தாள். குனிந்து, உள்ளங்கையைக் கீழே வைத்துக்கொண்டாள்.

"பிரேக் போடுங்க."

அப்பா போட்டார். சோனியா கண்ணாடி ஓரத்துக் கம்பியையே பார்த்தாள்.

"இன்னொரு வாட்டி."

போட்டார். பின்னால் வந்த சைக்கிள்காரர் திட்டிக்கொண்டே போனார். அம்மா கம்பியைத் தொட்டாள், ஃபியூஸ் பெட்டியைத் தொட்டாள், மறுபடியும் தரையைத் தொட்டாள். அவள் கை காய்ந்தே இருந்தது.

தெருமுனையில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினாள். குடையை விரித்துக்கொண்டு, "ஷிப்ட்டு வேணாம். பத்திரமா போய்ட்டு வாங்க" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது.

வண்டி கிளம்பியது. சோனியாவுக்குச் சந்தோஷம் நெஞ்சு கொள்ளவில்லை.

"அப்பா."

"இன்னா கண்ணு?"

"மெதுவாவே போப்பா. மழ பெய்யுதில்ல?"

அப்பா அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டு வேகத்தைக் குறைத்தார். சோனியா பேச ஆரம்பித்தாள். பள்ளிக்கூட வாசல் வந்த பிறகும், கதை முடியும்வரை அவர் இன்ஜினை அணைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.