நாக்கில் வைத்த வெள்ளி

குழி காலியாகிவிட்டது, ஆனாலும் ஹெட்போனில் உறுமல் நிற்கவில்லை. வெள்ளிக்கு மெட்டல் டிடெக்டர் பாடும். இரும்புக்கு உறுமும். இப்போது உறுமுவது இரும்பு என்று கிளெமென்ட் தர்கெட்டிலுக்குத் தூக்கத்திலும் தெரியும். ஒன்றுதான் புரியவில்லை. சற்று முன் குழிக்குள் கேட்ட உறுமல், இப்போது குழிக்கு இந்தப் பக்கம், அவருடைய பூட்ஸை ஒட்டிக் கேட்டது.

நார்ஃபோக்கின் நவம்பர் மூடுபனி மதியத்திலேயே உழவு வயலை விழுங்கி, வேலியை விழுங்கி, இடிந்த தேவாலயத்தையும் ஏப்பம் விட்டிருந்தது. ஈரக் களிமண்ணும் அழுகிய கிழங்கும் நாறின. நிலத்துக்காரர் லார்வுட் அனுமதி கொடுத்தபோதே கடித்துக் குதறியிருந்தார். கிடைப்பதில் பாதி தனக்கு, ஒரு குழி மூடாமல் கிடந்தாலும் நாயை அவிழ்த்துவிடுவேன் என்று. அந்த நாய் கன்றுக்குட்டிக்கு அப்பன் மாதிரி இருந்தது.

இப்போது காலியாகக் கிடந்த குழியில்தான் சற்று முன் நகக்கண் அளவு வெள்ளிக்காசு கிடைத்தது, பொடிப்பற்கள் சிலவற்றுக்கு நடுவில். ஆட்டுப்பல், என்று தள்ளிவிட்டார். பிரஷ் போட்டால் வெள்ளியில் கீறல் விழும், நாக்குதான் மெத்து என்பது அவர் கொள்கை. அவர் வாயில் ஊறாத பழங்காசு கிழக்கு இங்கிலாந்திலேயே கிடையாது. டிடெக்டர்காரர்கள் சங்கத்தில் எல்லோரும் திட்டியும் விடவில்லை.

"மறுபடியும் வாயில போட்டுட்டியாய்யா? உனக்கெல்லாம் டீக்கு பிஸ்கட்டே வேண்டாம், மண்ணே போதும்" என்று மேவிஸ் பின்னாலிருந்து சொல்ல, சிரிக்கப்போய் மளுக்கென்று முழுங்கிவிட்டார்.

மேவிஸ் ஓய்வுபெற்ற பல் மருத்துவத் தாதி. இருபது வருஷ வயல் கூட்டாளி. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"லார்வுட்டுக்குப் பாதி தரணுமே. நாளைக்குக் காலைல எந்தப் பாதிய நீட்டப்போற?"

டீ ஊற்றுகிறேன் என்று வேனைப் பார்த்து நடந்தாள். பனி அவளை மென்று தின்றது.

அதற்குப் பிறகுதான் உறுமல் நகர்ந்தது.

கிளெமென்ட் ஓரடி தள்ளி நின்று டிடெக்டரின் முனையிலிருந்த வட்டை ஆட்டினார். உறுமல் அங்கே வந்தது. திரையில் ஆழம் காட்டும் கோடு மேலேறிக்கொண்டிருந்தது, அடியிலிருந்து ஏதோ நிதானமாகப் படியேறுவதுபோல. பழைய இரும்பாணிகள், என்று தனக்கே சொல்லிக்கொண்டார். பெட்டிக்கு அடிக்கிற ஆணிகள். என்ன பெட்டி என்று மனம் கேட்டது; தேவாலயம் இருந்த பக்கம் திரும்பாமல் நின்றார். வட்டை வெடுக்கென்று தூக்கியபோது அது அவர் வயிற்றுக்கு நேரே வந்து நின்றது.

பாடியது. தேன் சொட்டச் சொட்ட, வெள்ளி.

மண் விரியும் சத்தம் ஹெட்போனைத் தாண்டி, கால் வழியாக எலும்பில் கேட்டது.

பையிலிருந்த பொத்தான்கள், ஈயக்குண்டுகள், தேய்ந்த செம்புக்காசு எல்லாவற்றையும் வாரி வீசினார். எதையும் எதுவும் தொடவில்லை. ஓடப் பார்த்தார். களிமண் ஒரு பூட்ஸை வாங்கிக்கொண்டது. முழங்காலிட்டு, தொண்டைக்குள் விரலை விட்டு ஓங்கரித்தார். காலை டீ வந்தது. காசு வரவில்லை.

"மேவிஸ்."

"என்னய்யா, அதுக்குள்ள வந்துடுச்சா?" பனிக்குள்ளிருந்து சிரிப்பு. "பார்த்து, குழிய மூடிட்டு வா."

வட்டு கைநழுவி விழுந்தது. மண்ணில் அல்ல. காற்றில், முட்டியளவு உயரத்தில், எதன்மீதோ சாய்ந்து நின்றது. உறுமியது.

எதிரே பனி மட்டும். பனியில் ஈரமண் வாசனை. மூச்சில்லை.

பிறகு கீழுதட்டில் ஒரு விரல். சில்லென்று. களிமண் பூசியது. வாயை இறுக மூடினார். அவசரப்படவில்லை அது. உதட்டைப் பிரித்தது. பற்களை ஒவ்வொன்றாகத் தடவியது, அவர் மண்கட்டிக்குள் காசு தேடுவாரே, அதே பதத்தில், எதையும் கீறாமல்.

தாடை திறந்தது.

வேன் ஹாரன் அடித்தது. டீ ஆறுகிறதாம்.

நாக்கைத் தாண்டி மணிக்கட்டு போனது. அவரால் கத்த முடியவில்லை. காதில் இரும்பு உறுமிக்கொண்டிருக்க, மேலே வெள்ளி பாடிக்கொண்டிருக்க, இரண்டும் நெருங்கி நெருங்கி ஒன்றாகக் கலந்தன.

முழங்கை. இன்னும் உள்ளே.