ஏழாவது கிரீனின் கிண்ணம்

அந்தக் கோல்ஃப் விடுதியில் அவள் வந்து இறங்கியபோது காலை பத்து மணி. வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது. இப்போதே போர்வையை இழுத்துக்கொள்ள வேண்டாம், செல்லங்களே. பயம் குடியிருக்கிற இடம் எல்லாம் முதலில் இப்படித்தான் பளிச்சென்று இருக்கும்.

அவள் சர்வேயர். தோளில் முக்காலி, கையில் லெவல் கருவிப் பெட்டி. விடுதியின் புது முதலாளிகள் பழைய மைதானத்தை மாற்றிக் கட்டப் போகிறார்கள். பதினெட்டுக் குழிகளில் ஏழாவதை எடுத்துவிட்டு அங்கே ஒரு ஏரி. திங்கட்கிழமை இயந்திரங்கள் வருமுன் மேடு பள்ளத்தை அளந்து கொடுக்க வேண்டும்.

அவள் இந்த வேலையைக் கேட்டு வாங்கியதற்குக் காரணம் வேறு. முப்பது வருஷத்துக்கு முன் இந்த மைதானத்துக்கு மண் தள்ளிய புல்டோசர் டிரைவர் அவளுடைய அப்பா. ஒருநாள் வேலைக்குப் போனவர் திரும்பவில்லை. யாரோ ஒருத்தியோடு ஓடிப்போய்விட்டார் என்று கான்ட்ராக்டர் ஆள் விட்டுச் சொன்னான். அன்றிலிருந்து தெருவில் அம்மாவுக்கு ‘ஓடிப்போனவன் பெண்டாட்டி’ என்றே பெயர். இப்போது அம்மா படுத்த படுக்கை. இந்த வாரம் தாண்டாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மா கேட்பது ஒன்றே ஒன்றுதான்.

“அவரு நிஜமாவே ஓடித்தான் போனாரா? அத மட்டும் தெரிஞ்சுக்கிட்டு வந்து சொல்லுடி.”

வரவேற்பறைச் சுவரில் மைதானத்தின் வரலாற்றைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். வடிவமைத்தவரின் படம், அதன் கீழே அவர் கையால் வரைந்த பழைய வரைபடம், பக்கத்தில் ஏழாவது கிரீனைப் பற்றித் தனியாக ஒரு பத்தி. கிரீன் என்றால் கொடியும் குழியும் இருக்கும் இடம். ஜமுக்காளம் விரித்தது போல ஒட்ட வெட்டிய புல். ஏழாவதன் நடுவே ஒரு கிண்ணம் உண்டாம். எந்தப் பக்கத்திலிருந்து தட்டினாலும் பந்து தயங்கித் திரும்பி அந்தக் கிண்ணத்தின் அடிக்கே போய் நிற்குமாம். ஒரு மேதையின் கைவண்ணம் என்று எழுதியிருந்தது.

அவள் வரைபடத்தை மூக்கு உரசும் தூரத்தில் பார்த்தாள். வாழ்நாளெல்லாம் உயரக்கோடுகளைப் படித்த கண். ஏழாவது கிரீனில் கிண்ணமே வரையப்படவில்லை. தட்டையான நிலம். அதன் அடியில் பென்சிலால் ஒரு குறிப்பு மட்டும்: ‘பழைய களிமண் குழி. நிரப்பவும்.’

மைதானத்துப் புல்லைப் பார்த்துக்கொள்பவர் ஒரு வயதானவர். எல்லோருக்கும் அவர் புல்லய்யா. மனைவியைக்கூட இவ்வளவு அக்கறையாகத் தடவியதில்லை என்று தோட்ட ஆட்கள் அவரைக் கிண்டல் செய்வார்கள். ஒரே இடம் மிதிபட்டுப் புல் சாகாமல் இருக்கத் தினமும் காலையில் குழியை இடம் மாற்றுவார். கூர்மையான குழாயைத் தரையில் இறக்கித் திருகி, புல்லோடு ஒரு மண் உருளையை எடுத்து, முந்தின நாள் குழியில் அதை வைத்து அடைப்பார். முப்பது வருஷத்தில் கிண்ணத்தின் அடியில் மட்டும் ஒருநாளும் குழி வெட்டியதில்லை. ஏன் என்று கேட்டாள். தண்ணீர் நிற்கும் என்றார்.

அங்கே மண் பொடிப்பொடியாகக் காய்ந்து கிடந்தது.

முதல் நாள் அளந்தாள். கிண்ணத்தின் அடி, வரைபடத்தைவிட நாற்பது சென்டிமீட்டர் தாழ்வு. இரண்டாம் நாள் நாற்பத்து மூன்று. தன் கையைத்தான் சந்தேகப்பட்டாள். கருவியைத் துடைத்து மறுபடி அளந்தாள். மூன்றாம் நாள் நாற்பத்தொன்பது.

நிலம் இந்த வேகத்தில் இறங்காது. யாரோ வந்திருப்பது தெரிந்து, கீழே ஒருவர் அவசரப்படுவது போல இருந்தது.

அன்று காலை பனி மூட்டம். பத்தடிக்கு அப்பால் கொடி தெரியவில்லை. பறவைச் சத்தம் இல்லை. ஈரப் புல் வாசனைக்குள் மெல்ல இன்னொரு வாசனை கலந்தது.

டீசல்.

அவள் குனிந்து புல்லில் உள்ளங்கையை வைத்தாள்.

தரை அதிர்ந்துகொண்டிருந்தது. நின்றுகொண்டே உறுமும் வண்டியின் மூடியைத் தொட்டது போல.

பின்னால் புல்லய்யா நின்றிருந்தார். அவள் அப்படியே மண்டியிட்டபடி, தான் யார் மகள் என்று சொன்னாள். அவர் கையிலிருந்த குழாய் நழுவி விழுந்தது.

“மூக்கப் பாத்தப்பவே நெனச்சேன்,” என்றார்.

பிறகு முப்பது வருஷமாக அடைத்து வைத்திருந்ததை அவிழ்த்தார். களிமண் குழியை நிரப்பும்போது கரை சரிந்து புல்டோசரை மூடிவிட்டது. திறப்பு விழாவுக்கு நாற்பது நாள்தான் இருந்தது. ஆள் செத்திருப்பான், தோண்டினால் வேலை நின்றுவிடும், மேலே மண்ணைப் போடு என்றான் கான்ட்ராக்டர். கூலிக்கு நின்றவர்கள் போட்டார்கள்.

“புகைக்குழாய் மட்டும் வெளிய நீட்டிக்கிட்டிருந்துச்சும்மா. அதுலேருந்து புகை வந்துக்கிட்டே இருந்துச்சு.” அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். “அந்தக் குழாய மூடுனது நான்தான்.”

அவள் வீட்டுக்குப் போன் போட்டாள். துணைக்கு இருந்த பக்கத்து வீட்டு அக்கா அம்மாவின் காதருகே பிடித்தாள். அப்பா ஓடிப்போகவில்லை என்று மகள் சொன்னாள். எங்கே இருக்கிறார் என்பதையும் சொன்னாள்.

“அப்போ கூட்டிட்டு வா,” என்றாள் அம்மா. “அவர அங்க தனியா விட்டுட்டு வராத.”

அவள் விடுதி மேலாளரிடம் ஓடினாள். அவர் காபி வரவழைத்தார். கிழவர் உளறுகிறார், ஆதாரம் இல்லாமல் தோண்ட முடியாது, திங்கட்கிழமை வேலை தொடங்கியே ஆக வேண்டும், வேண்டுமானால் வக்கீல் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். காவல் நிலையத்தில் மனு எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்தாள். விசாரிக்கப் பதினைந்து நாள் ஆகுமாம். அம்மாவிடம் பதினைந்து நாள் இல்லை.

மறுநாள் அவளே குழாயை எடுத்துக்கொண்டு கிண்ணத்துக்குள் இறங்கினாள். திருகினாள். மண் உருளை வந்தது. மறுபடி திருகினாள். தோள்வரை கையை விட்டுத் துழாவினாள். எண்ணெய்ப் பிசுக்கான களிமண் விரலில் ஒட்டியது. அதற்குக் கீழே எட்டவில்லை. நகம் பெயர்ந்தது. எட்டவே இல்லை.

அவள் குப்புறப் படுத்துக் குழியில் வாயை வைத்தாள்.

புல்லய்யா ஓடிவந்து தோளைப் பிடித்து இழுத்தார். “கூப்புடாதம்மா. இத்தனை வருஷமா வந்ததையெல்லாம் இங்க இழுத்துக்கிட்டுக் கெடக்கு. அதுக்கு வேற வழி காட்டிடாத.”

அவள் அவர் கையை உதறினாள்.

“அப்பா, வீட்டுக்கு வாங்க. அம்மா காத்துக்கிட்டிருக்காங்க.”

அதிர்வு நின்றது.

டீசல் வாசனையும் இல்லை.

புல்லய்யா ஒரு பந்தைக் கிண்ணத்தின் சரிவில் வைத்தார். முப்பது வருஷமாகப் பந்துகள் உருண்ட சரிவு.

பந்து வைத்த இடத்திலேயே நின்றது.

“கெளம்பிட்டாரு,” என்றார்.

பிற்பகல் அவள் வீடு போய்ச் சேர்ந்தபோது அம்மா விழித்திருந்தாள். முகத்தில் புதுப்பெண்ணின் வெட்கம். “வந்துட்டாருடி,” என்றாள் ரகசியமாக. “வந்த உடனே படுத்துட்டாரு. அலுப்பு.”

அம்மாவின் பக்கத்தில் மெத்தை, ஓர் ஆள் நீளத்துக்கு அமுங்கியிருந்தது.

பொழுது சாயும் வேளையில் அம்மா போய்விட்டாள். சிரித்த முகம். கட்டிலை நகர்த்த நான்கு பேர் முயன்றும் முடியவில்லை. அதன் கால்கள் சிமென்ட் தரைக்குள் இரண்டு விரல் ஆழம் இறங்கியிருந்தன.

ஏழாவது கிரீனில் இப்போது ஏரி. மனுவைப் பற்றி யாரும் பேசவில்லை. அவளும் விசாரிக்கவில்லை, அங்கே இனி யாரும் இல்லை என்று அவளுக்குத் தெரியும். அம்மாவின் அறைத் தரை தினமும் கொஞ்சம் இறங்கியது. ஒரு மாதம் பார்த்தாள். பிறகு வீட்டைப் பூட்டிவிட்டு, ஊரின் மறுகோடியில் மூன்றாம் மாடிக்குக் குடிபோனாள். கீழே மண்ணே இல்லாத இடமாகப் பார்த்துத்தான் எடுத்தாள். தரையின் சரிவைக் காட்டும் ரசமட்டத்தை மூலைக்கு மூலை வைத்துப் பார்த்தாள். குமிழி எங்கும் நட்டநடுவில் நின்றது.

முதல் நாள் காலை. பெட்டியைப் பிரித்தபோது கருவிகளுக்கு இடையிலிருந்து ஒரு பந்து விழுந்தது. ஏழாவது கிரீனின் பந்து. எப்போது எடுத்துப் போட்டாள் என்று நினைவில்லை.

அது கூடத்தின் நடுவே நின்றது. அவள் மூச்சை விட்டாள்.

பந்து தயங்கியது.

மெல்லத் திரும்பியது. படுக்கையறை வாசலைத் தாண்டியது. அவள் கட்டிலில், அவள் படுக்காத பக்கத்துக்கு நேர் கீழே போய் நின்றது.

வீட்டுக்கு வாங்க என்று கூப்பிட்ட வாய். திரும்பிப் போங்க என்று சொல்ல அவளால் முடியவில்லை. சுவரோடு ஒண்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

மெத்தை மெல்ல அமுங்கியது.