இருட்டில் எழுந்த கோடு

“போனை அணைன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன்ல—”

“மணிதான்க்கா பார்த்தேன், அதுக்குள்ள—”

“இவ்வளவு நேரம் இருட்டுக்குப் பழக்கின கண்ணுடா. எல்லாம் போச்சு. நீ வெளியில போ.”

“இருக்கறதே ஒரு கண்ணு. உன்னைத் தனியா விட்டுட்டு நான் வெளியில போய் என்ன செய்ய?”

“வாயை மூடிக்கிட்டு வெளியில உட்காரு.”

கண் டெஸ்ட் எடுக்கும் பெண் தம்பியை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினாள். இருட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கியது.

அக்காவுக்கு வலக்கண் சிறுவயதிலேயே போய்விட்டது. இப்போது இடக்கண்ணில், ரத்தம் திரும்பிப் போகும் நாளம் அடைத்துக்கொண்டது. தையல் மெஷினும் அடுப்பும் அந்த ஒரு கண்ணை நம்பித்தான். வெளிச்சம் பட்டதும் விழித்திரையில் எழும் மின்சாரத்தை இந்தக் கருவி கோடாகக் காட்டும். கோடு எழும்பினால் கண்ணில் உயிர் மிச்சமிருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

மங்கிய சிவப்பு விளக்கில், நூல் போன்ற கம்பியைக் கீழிமையில் வைத்தாள் அந்தப் பெண். சில்லென்றிருந்தது. ஸ்பிரிட் வாசனை மூக்கிலேயே நிற்க, கருவியின் விசிறி பெருமூச்சு விட்டுக்கொண்டிருக்க, சிவப்பும் அணைந்த பிறகு, எதிர்மூலையில் மட்டும் இருட்டு ஓர் ஆள் உயரத்துக்குக் கெட்டியாக இருந்தது.

வெளிச்சம் வெட்டியது. மூலையில் ஒன்றுமில்லை.

“எழும்புச்சாம்மா?”

“இல்லைம்மா. கண்ணை அசைக்காதீங்க.”

மறுபடி வெட்டியது.

“இப்போ?”

அக்காவின் உள்ளங்கை நாற்காலிப் பிடியில் வழுக்கியது. ஒரு பொட்டு எழும்பினால் போதும். ஊசியில் நூல் கோக்கும் அளவுக்கு. அவ்வளவுதான் கேட்கிறாள்.

மூலையிலிருந்த கெட்டி இருட்டு ஓரடி முன்னால் வந்தது.

“எழும்புது,” என்றாள் அந்தப் பெண். பிறகு, குரல் இறங்கி, “நான் இன்னும் லைட்டே அடிக்கலையே. கம்பி விலகிடுச்சா?”

விலகவில்லை. அந்தப் பெண் தொட்டுப் பார்த்தாள். வெளிச்சம் அடித்தாள். கோடு படுத்துவிட்டது.

இருட்டு. மூலையிலிருந்தது இன்னோர் அடி முன்னால் வந்தது.

“மறுபடியும் எழும்புது. முன்னைவிடப் பெருசா. அம்மா, எதையாவது பார்க்கறீங்களா?”

பார்த்தாள். அக்கா நன்றாகவே பார்த்தாள். அந்த இருட்டுக்கு முகமிருக்க வேண்டிய இடத்தில் புடைத்த நரம்புகள். கிளை கிளையாக. ஈரமாக. துடித்தபடி.

தம்பியைக் கூப்பிடத் தொண்டைவரை சத்தம் வந்தது. கதவு திறந்தால் வெளிச்சம் வரும். வெளிச்சம் வந்தால் இது போய்விடும். இது போனால் கோடும் படுத்துவிடும்.

சத்தத்தை விழுங்கினாள்.

“நில்லு, போயிடாதே,” என்றாள் மெதுவாக. “இன்னும் கொஞ்சம் கிட்ட வா.”