இறக்கைக்குள் மூன்று தட்டல்

ஐந்தரைக்கு எழுந்தான். படுக்கையை உதறி மடித்தான். பச்சைத் தண்ணீரில் குளித்தான். கண்ணாடி நார்த்தூளில் வேலை செய்கிறவன் வெந்நீரில் குளித்தால் நாள் முழுக்க அரிப்பு. பல் துலக்கினான். ஒரு கோப்பை அளவுக்கு மட்டும் தண்ணீர் கொதிக்க வைத்தான். குடித்தான். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தான். கதவைப் பூட்டப் போனபோதுதான் வீடு இத்தனை அமைதியாக இருப்பது உறைத்தது.

மின்விசிறிகள் ஓடவில்லை.

மூன்று வருடமாக அந்த வீட்டில் விசிறி நின்றதே கிடையாது. கூடத்தில் ஒன்று, படுக்கையறையில் ஒன்று, சமையலறை சன்னலில் சின்னதாய் ஒன்று. பல் கிட்டிப்போகும் குளிரிலும் கம்பளிக்குள் சுருண்டபடி ஓடவிடுவான். மின்சாரம் போயிருக்கும் என்று நினைத்தான். குளியலறை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கிட்டே போய்ப் பார்த்தான். மூன்று சுவிட்சுகளும் அணைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றின் மேலும் ஒரு விரல் அகலத்துக்கு மெல்லிய வெண்தூள். தொட்டுப் பார்த்தான். அரித்தது.

தூக்கக் கலக்கத்தில் நாமேதான் அணைத்திருப்போம் என்று சொல்லிக்கொண்டான். மூன்றையும் போட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பினான்.

ஊருக்கு வெளியே மேட்டில் பழைய காற்றாலைகளைக் கழற்றிவிட்டுப் பெரியவற்றை நிறுத்திக்கொண்டிருந்தார்கள். கழற்றிய இறக்கைகள் அவன் மேற்பார்வை பார்க்கும் கொட்டடிக்கு வந்தன. ஒவ்வொன்றும் நாற்பது மீட்டர் நீளம். உள்ளே வெற்றிடம். அடிவாயில் ஓர் ஆள் குனியாமல் நுழையலாம், போகப் போகத் தவழ வேண்டும், பாதிக்கு மேல் பூனைதான் போக முடியும். அவற்றை அறுத்துப் பேருந்து நிறுத்தத்துக்குக் கூரை போட்டார்கள், ஓடைக்கு நடைபாலம் போட்டார்கள், பூங்காவுக்குப் பெஞ்சுகள் செய்தார்கள். மிச்சத்தை அரைத்து சிமெண்ட் ஆலைக்கு அனுப்பினார்கள். குப்பையே இல்லாத ஊர் என்று நகராட்சி பலகை மாட்டியிருந்தது. எதையும் தூக்கிப் போடக் கூடாது, எல்லாம் இன்னொன்றாகத் திரும்பி வர வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. தினமும் அந்தப் பலகையைத் தாண்டித்தான் அவன் உள்ளே போக வேண்டும்.

இன்று ஒரே ஓர் இறக்கைதான் பாக்கி. வேலியோரம் தனியாகக் கிடந்தது. புதிதாக வந்து இறங்கும்போதே விரிசல் கண்டதால் அது ஒரு நாளும் கோபுரம் ஏறியதில்லை, காற்றில் சுற்றியதுமில்லை. மூன்று வருடம் விசாரணைக்கென்று அப்படியே போட்டிருந்தார்கள். அதைச் சுற்றி இடுப்புயரம் புல் வளர்ந்திருந்தது.

அந்த இறக்கைக்குள்தான் அவன் மனைவி செத்தாள்.

"தம்பி, இதை நான் பாத்துக்கறேன். நீ வீட்டுக்குப் போ" என்றார் ரம்பக்காரர். ஐம்பது வயது, வாட்டசாட்டமான ஆள். எத்தனை தடித்த இறக்கையையும் அவருடைய வைர ரம்பம் அரை மணியில் துண்டாக்கிவிடும்.

"உள்ள ஆள் போய்ப் பாக்காம ரம்பம் வைக்கக் கூடாதுண்ணே. குருவி, பூனை ஏதாவது இருக்கும். கையெழுத்து நான்தான் போடணும்."

"நான் போவேன்பா. ஆனா இந்தத் தொப்பை நடுவுல மாட்டிக்கிச்சுன்னா என்னையும் சேத்துத்தான் பெஞ்சு பண்ணணும்."

"நல்லதுதானே? உக்காந்தா மெத்துமெத்துனு இருக்கும்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. மச்சினன். இறந்தவளின் தம்பி. பெயர்ப்பலகை பொறிக்கிற கடை வைத்திருந்தான். சிரித்தபடிதான் வந்தான், ஆனால் இறக்கையைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. கையில் துணியில் சுற்றிய பித்தளைத் தகடு.

இந்த இறக்கையின் அடிப்பாகத்தில் பூங்காவுக்கு ஒரு பெஞ்சு செய்வதாக நகராட்சி முடிவு செய்திருந்தது. அதில் அவள் பெயர் இருக்கும். பெயருக்குக் கீழே, அவள் கடைசியாகச் சொன்ன வார்த்தை.

மச்சினன் துணியைப் பிரித்தான். "பாருங்க மாமா. அம்மாதான் இதைப் போடச் சொன்னாங்க. தெனமும் அந்த வழியாத்தான் நடப்பாங்களாம், வரும்போதும் போகும்போதும் தொட்டுட்டுப் போவாங்களாம்."

தகட்டில் எழுத்துகள் வெயிலில் பளிச்சிட்டன: *எல்லாம் நல்லா முடிஞ்சுது. இதோ வந்துட்டேன்.*

"இப்படித்தானே சொன்னா? ஒரு எழுத்து முன்னப் பின்ன இருந்தாலும் இப்பவே சொல்லிடுங்க மாமா. ஆணி அடிச்சுட்டா அப்புறம் கழட்ட முடியாது."

அவன் தகட்டைப் பார்த்தான். விசாரணைக்கு வந்தவர்களிடம் இதைச் சொன்னான். சாவு வீட்டில் மாமியாரிடம் சொன்னான். வாய் கூசாமல் எத்தனையோ தடவை சொல்லியாகிவிட்டது.

"சரியா இருக்கு" என்றான்.

"அப்பாடா" என்று மச்சினன் தகட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

நடந்தது வேறு. அவள் இறக்கை பழுதுபார்ப்பவள். உள்ளே பன்னிரண்டு மீட்டர் தவழ்ந்து போய், விரிசலில் பிசின் தடவி நார்த்துணி ஒட்டுவாள். பிசினின் வாடை ஆளை மயக்கிவிடும் என்பதால் இறக்கையின் அடிவாயில் ஒரு ப்ளோவர் காற்றை உள்ளே ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். வெளியே ஒருவன் காவல் இருக்க வேண்டும். உள்ளே இருப்பவர் மூன்று முறை தட்டுவார். வெளியே இருப்பவன் மூன்று முறை தட்டுவான். நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன், அவ்வளவுதான் அதற்குப் பொருள்.

அன்றைக்குக் காவல் அவன். முந்தின இரவெல்லாம் வேலை. காலையில் அற்ப விஷயத்துக்கு அவளோடு சண்டை. ப்ளோவரின் இரைச்சல் மண்டையைப் பிளந்தது. பத்து நிமிடம்தானே என்று அதை அணைத்தான். நிழல் பக்கமாகப் போய் இறக்கையில் முதுகைச் சாய்த்து, தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு கண் அசந்துவிட்டான். முதுகுத்தண்டில் அவள் தட்டுவது தெரிந்தது. ஒரு தடவை. மறு தடவை. பிறகு அவள் ஏதோ சொன்னாள், இறக்கையின் தோல் வழியாக, அவன் காதோரம். அது அவனுக்குக் கேட்டது. கண்ணைத் திறக்காமலே கையைத் தூக்கி மூன்று முறை தட்டினான்.

நல்லா இருக்கேன்.

விழித்தபோது வெயில் இடம் மாறியிருந்தது. ப்ளோவர் தானாக நின்றுவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னான். எல்லோரும் நம்பினார்கள். அன்றிரவு அந்தத் தொப்பியை அடுப்பில் போட்டு எரித்தான்.

"நான் காவல் இருக்கேன் மாமா" என்றான் மச்சினன். "ரம்பத்தை எடுத்துட்டு வாங்கண்ணே" என்று ரம்பக்காரரையும் அனுப்பிவிட்டான்.

ப்ளோவர் உறுமியது. அவன் உள்ளே போனான். பத்தரை மணி வெயில் இறக்கையின் தோலை ஊடுருவி உள்ளே தேன் நிறத்தில் கசிந்திருந்தது. வெளியே ஆடும் புல்லின் நிழல்கூடச் சுவரில் தெரிந்தது. முதலில் நடந்தான், பிறகு குனிந்தான், பிறகு தவழ்ந்தான். முழங்காலுக்குக் கீழே பழைய தூள் நறநறத்தது. மூன்று வருடம் ஆகியும் பிசின் வாடை போகவில்லை, நகப்பூச்சு போல, அழுகிய பழம் போல, மூக்கில் இனித்தது. முதுகுக்குப் பின்னால் காற்று வந்துகொண்டே இருந்தது. பன்னிரண்டாவது மீட்டரில் அவள் ஒட்டிய ஒட்டு இருந்தது. பாதிவரை கண்ணாடி போல வழவழப்பு. மீதிப் பாதியில் பிசின் காய்வதற்குள் ஊன்றிய ஐந்து விரல்கள்.

தட்டினான். மூன்று.

வெளியிலிருந்து மூன்று வந்தது. மச்சினன்தான்.

அவன் அந்த விரல் பள்ளங்களில் தன் விரல்களை வைத்துப் பார்த்தான். போதும், வெளியே போனதும் சொல்லிவிட வேண்டும், தகட்டை வாங்கி வீசிவிட்டுச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தான். அப்போதுதான் ப்ளோவரின் உறுமல் இறங்கியது. முனகலாயிற்று. நின்றது.

"மாப்ள! ப்ளோவரைப் போடு."

குரலை உயர்த்தினான்.

"டேய் மாப்ள, விளையாடாத."

தன் மூச்சு மட்டும் கேட்டது. திரும்ப இடமில்லை. பின்னாலேயே தவழ வேண்டும். ஓர் அடி நகர்ந்தான். குதிகால் எதிலோ இடித்தது. வரும்போது அங்கே எதுவும் இருந்திருக்கவில்லை.

முன்னால், பூனை மட்டுமே போகக்கூடிய இருட்டில், யாரோ தட்டினார்கள்.

மூன்று.

குருவி என்று நினைத்தான். காற்று என்று நினைத்தான். மறுபடியும் மூன்று. இந்த முறை கொஞ்சம் கிட்டே.

வாடை கூடியது. பழைய பிசின் இல்லை. இப்போது கலக்கிய பிசின்.

வலப்பக்கச் சுவரில் வெயில் பளீரென்று அடித்தது. அதில் ஒரு நிழல். வெளியே யாரோ இறக்கையில் முதுகைச் சாய்த்துக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். தலை தொங்கியிருந்தது. மச்சினன்தான், கண் அசந்துவிட்டான் போல. உள்ளிருந்தபடியே சுவரைத் தட்டினான். நிழல் அசையவில்லை. கையை முறுக்கிக் குத்தினான். அசையவில்லை.

பிறகுதான் தொப்பி தெரிந்தது.

அகல விளிம்பு. இடப்பக்கம் கிழிந்து தொங்கியது.

அவன் எரித்த தொப்பி.

"எழுந்திரு" என்றான். சுவரை அறைந்தான். "எழுந்திருடா. நீதான் அணைச்ச. நீதான் தூங்கிட்ட."

மார்பு அடைத்தது. தேன் நிற வெளிச்சம் ஓரங்களில் கறுத்தது. நகங்களால் சுவரைப் பிறாண்டினான். நார் விரலில் ஏறியது.

நிழல் ஒரு கையைத் தூக்கியது. சோம்பலாக. திரும்பிப் பாராமல்.

தட்.

தட்.

தட்.

அவன் தோளுக்கு மேலாக ஒரு கை நீண்டது. வெண்தூள் படிந்த கை. நிழலின் முதுகு சாய்ந்திருந்த இடத்தில், மெதுவாக, உள்ளங்கையை வைத்தது. காதருகே மூச்சு இல்லை. குரல் மட்டும். மூன்று வருடம் அவன் யாரிடமும் சொல்லாத, அவளுடைய அந்தக் கடைசி வார்த்தைகள். கோபமே இல்லாத குரல்.

"ஏங்க, காத்து நின்னுடுச்சு போல. நீங்க வெளியிலதானே இருக்கீங்க? அப்ப சரி."